கடைக் கணக்கும் கல்லூரிக் கணக்கும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வணிகவியல் ஆசிரியன் ஒருவனுக்கு என்ன வேலை என்று, இம்மலரைப் புரட்டும் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். கட்டுரை கேட்டு நண்பர்கள் அணுகியபோது நானும் அவ்வாறே எண்ணித் தயங்கினேன். ஆயினும் கணக்கியல் பயிலும் மாணாக்கர் வகுப்பறையில் படும் இடர்ப்பாடுகளுள் பல எண்களால் விளைவன அல்ல, சொற்களால் விளைவன என்பதை நெடுநாளைய ஆசிரியப் பணி எனக்கு உணர்த்தியிருக்கிறது. சொல்லைப் பற்றிய பேச்சுக்குத் தமிழ்த்துறை மலரைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது? எனவே கல்லூரிக் கணக்கியல் வகுப்பை மாணாக்கர் எங்ஙனம் உணர்கின்றனர், எத்தகைய கற்பித்தலை அவர்கள் விரும்புகின்றனர் என்பது குறித்து நான் கண்டதையும் கற்றதையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் பணியாற்றியபோது, முதலாண்டு பி.காம். வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். கடைசி வரிசையில் அமர்வார். வருகையில் குறையில்லை, ஆனால் வாய் திறக்கமாட்டார். முதற்பருவத் தேர்வில் நிதிநிலைக் கணக்கியல் தாளில் தோல்வியுற்றார். அறைக்கு அழைத்துக் காரணம் கேட்டேன். தலைகுனிந்து நின்றார். "உமக்குக் கணக்கு வராது போலிருக்கிறது, வேறு பாடம் எடுத்திருக்கலாம்" என்று கூறி அனுப்பிவிட்டேன். சில வாரங்கள் கழித்து ஒரு மாலைப் பொழுதில் வீட்டுக்குச் சாமான் வாங்க மொத்த மளிகைக் கடை ஒன்றுக்குச் சென்றேன். கல்லாவை ஒட்டிப் போட்டிருந்த சிறு மேசையில் அதே மாணவர் அமர்ந்து, அன்றைய சிட்டையிலிருந்து பேரேட்டுக்குக் கணக்குகளைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத விரைவு. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பக்கத்திலும் பாக்கி கட்டி, அன்றைய ரொக்க இருப்பைக் கல்லாப் பணத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு காசு பிசகவில்லை.

"தம்பி, இதைத்தானே நான் வகுப்பில் நடத்தினேன்?" என்றேன்.

எழுந்து நின்றார். "இது கடைக் கணக்கு சார். அது காலேஜ் கணக்கு" என்றார்.

அவர் அந்த ஆண்டின் இறுதியிலேயே படிப்பை விட்டுவிட்டார். குடும்பச் சூழல் என்று அறிந்தேன். குடும்பச் சூழல் மட்டுந்தானா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

இரண்டு உலகங்கள்

அம்மாணவர் கூறிய அந்த ஒரு தொடரின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது வெகுநாள் கழித்துத்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த உர்சுலா லூகாஸ் என்னும் கணக்கியல் கல்வி ஆய்வாளர், அறிமுக நிலைக் கணக்கியல் பயிலும் மாணாக்கரோடு விரிவாக உரையாடி, அவர்கள் அப்பாடத்தை எவ்வாறு அனுபவிக்கின்றனர் என்பதைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருவேறு உலகங்கள் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டிருந்தார். மாணாக்கருள் சிலருக்குக் கணக்கியல் என்பது தாம் வாழும் உலகத்தோடு தொடர்புடைய, பொருள் நிறைந்த ஒரு துறை. வேறு சிலருக்கோ அது தேர்வுக்காகப் பயின்றுகொள்ள வேண்டிய வெறும் உத்தி. தம் வாழ்வோடு ஒட்டாத ஒன்று. ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைக் கேட்டுக்கொண்டு இவ்விரு சாராரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அதைப் படித்தபோது மளிகைக் கடை மேசைதான் என் நினைவுக்கு வந்தது. என் மாணவரின் நிலை இன்னும் விசித்திரமானது. கணக்கு அவர் வாழ்வோடு ஒட்டியிருந்தது. நான் நடத்திய பாடந்தான் ஒட்டவில்லை.

இதற்கு முன்னோடியாக அமைந்த ஆய்வொன்றையும் குறிப்பிட வேண்டும். சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் சால்யோ ஆகிய இருவரும் மாணாக்கரிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, பின்னர் அதுபற்றி வினவினர். சிலர் ஆசிரியர் சொல்ல வந்த கருத்தைத் தேடிப் படித்தனர். சிலர் தம்மிடம் என்ன கேட்கப்படும் என்று ஊகித்து, அதற்கேற்ப வரிகளை மனத்தில் இருத்திக்கொள்ள முயன்றனர். 1976ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வின் வழியே 'ஆழ்ந்த கற்றல்', 'மேலோட்டக் கற்றல்' என்னும் பாகுபாடு கல்வியுலகில் நிலைபெற்றது. இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேலோட்டமாகப் படிப்பது மாணாக்கரின் பிறவிக் குணம் அன்று. எத்தகைய வினாக்கள் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கின்றனரோ அதற்கேற்பவே படிக்கும் முறையும் மாறுகிறது. அவ்வாறாயின் நம் மாணாக்கர் உருப்போடுகின்றனர் என்று குறைகூறும்போது நம் வினாத்தாளையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நலம்.

கரும்பலகையிலிருந்து குறிப்பேட்டுக்கு

ஒரு கணக்கியல் வகுப்பு நடைபெறும் முறையை வணிகவியல் அறியாத வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். ஆசிரியர் உள்ளே வந்து, நூலின் பக்கத்தைச் சொல்லி, கணக்கு எண்ணைக் கரும்பலகையில் எழுதுவார். ரெட்டி, மூர்த்தி ஆகியோரின் நூலோ, ஜெயின், நாரங் ஆகியோரின் நூலோ மாணாக்கர் மேசையில் விரிந்திருக்கும். ஆசிரியர் கணக்கைப் பலகையில் போட்டுக்கொண்டே போவார். இடப்பக்கம் நிரம்பும், வலப்பக்கம் நிரம்பும், இறுதியில் இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாகி, கீழே இரட்டைக் கோடு விழும். மாணாக்கர் அனைத்தையும் பெயர்த்து எழுதிக்கொள்வர். மணி அடிக்கும். மறுநாள் அடுத்த கணக்கு. ஐந்து அலகுகளையும் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் ஆசிரியருக்கும் வேறு வழி தோன்றுவதில்லை. இதை நான் பிறர்மேல் வைக்கும் குற்றமாகச் சொல்லவில்லை. பல்லாண்டுகள் நானே இவ்வாறுதான் நடத்தினேன். நன்றாக நடத்துவதாகவும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாணாக்கர் இதனை எப்படி உணர்கின்றனர்? தேர்வெல்லாம் முடிந்து, விடைபெற வரும் நாளில்தான் அவர்கள் மனம் திறப்பது வழக்கம். அவ்வாறு பல ஆண்டுகளாகக் கேட்ட சொற்களிலிருந்து சிலவற்றைத் தருகிறேன். "நீங்கள் போடும்போது எல்லாம் புரிகிறது சார், வீட்டில் போய்ப் போட்டால் முதல் வரியே வரவில்லை." இது ஏறத்தாழ எல்லோரும் சொல்வது. நீந்துபவரைக் கரையிலிருந்து பார்த்து நீச்சல் கற்க இயலாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் வகுப்பில் கணக்குப் போடும் உழைப்பு முழுவதையும் ஆசிரியரே ஏற்றுக்கொள்கிறார். மாணாக்கர் தாமே போட்டு, தவறி, அத்தவற்றைத் தாமே கண்டறியும் வாய்ப்பு வகுப்பில் கிட்டுவதில்லை.

இன்னொரு மாணவியின் சொல் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. "ஐந்தொகை இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டால் அழுகையே வந்துவிடும் சார், சந்தோஷத்தில். ஆனால் அந்தத் தொகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தெரியாது." இரு பக்கமும் ஒத்துவருதல் கணக்கியலின் அழகுகளுள் ஒன்று, அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் ஒத்துவந்த ஐந்தொகை பொய்யாகவும் இருக்கலாம். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், தம் கணக்கேடுகளில் காட்டியிருந்த வங்கி இருப்பு பெரும்பாலும் இல்லாத ஒன்று என்று தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். அதற்கு முன் ஆண்டுதோறும் அந்நிறுவனத்தின் ஐந்தொகையும் இரு பக்கமும் ஒத்துத்தான் வந்தது. கூட்டல் ஒத்துவந்தவுடன் கேள்வியை நிறுத்திக்கொள்ளப் பழகிய மாணவி, நாளை தணிக்கையாளர் அலுவலகத்தில் பணியில் அமரும்போது என்ன செய்வார்?

சொல் இடம் மாறுகிறது

இனிச் சொற்களுக்கு வருகிறேன். நம் வீடுகளில் வரவு செலவு எழுதும் நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதுவது வழக்கம். கைக்கு வந்த பணம் வரவு. இதில் குழந்தைக்கும் ஐயமில்லை. இந்நோட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் நூலைத் திறக்கிறது. அங்கே இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய்ய வேண்டும் என்கிறது நூல். 'பணம் வந்திருக்கிறது, அதைப் பற்று என்கிறார்கள். பணம் போயிருக்கிறது, அதை வரவு என்கிறார்கள்' என்று திகைக்கும் அப்பிள்ளை, கடைசியில் ஒரு முடிவுக்கு வருகிறது: இதைப் புரிந்துகொள்ளக் கூடாது, மனப்பாடம் செய்ய வேண்டும். மேலோட்டக் கற்றல் அந்நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

பின்னர் வங்கிக்குச் சென்று பணம் கட்டுகிறது. வங்கிச் சிற்றேட்டில் 'வரவு வைக்கப்பட்டது' என்று பதிவாகிறது. வகுப்பிலோ வங்கியில் பணம் செலுத்தினால் வங்கிக் கணக்கைப் பற்று செய்க என்று கற்பிக்கப்பட்டிருக்கிறது. குழப்பம் இரட்டிப்பாகிறது. வங்கி எழுதுவது வங்கியின் ஏட்டில். வங்கியின் பார்வையில் நாம் பணம் தந்தவர்கள். நாம் எழுதுவது நம் ஏட்டில். நம் பார்வையில் வங்கி பணம் பெற்றது. இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆயினும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பில் தேர்ச்சி பெற்ற மாணாக்கருள்ளும் இதனை அறியாதார் பலரைக் கண்டிருக்கிறேன். எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்ற அட்டவணையை உருப்போட்டு அவர்கள் தேர்ச்சி பெற்றுவிடுகின்றனர்.

உண்மையில் பற்று, வரவு என்னும் சொற்களைப் போலப் பொருத்தமானவை வேறில்லை. அவை பிறந்த இடம் கடையின் பற்று நோட்டு. ஒரு வாடிக்கையாளர் 600 ரூபாய்க்கு அரிசி எடுத்துச் செல்கிறார். பணம் தரவில்லை. கடைக்காரர் அவர் பெயரில் 'பற்று 600' என்று எழுதுகிறார். பற்றுதல் என்றால் எடுத்துக்கொள்ளுதல், அவர் எடுத்துக்கொண்டார். சில நாள் கழித்து அவர் 400 ரூபாய் தருகிறார். 'வரவு 400' என்று எழுதுகிறார், அவரிடமிருந்து வந்தது. பாக்கி 200. இதில் மயக்கம் எங்கே இருக்கிறது? இனி அதே 400 ரூபாயைக் கல்லாவில் போடுகிறார். கல்லாவையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்வோம். கல்லா என்னும் அந்த ஆள் 400 ரூபாயைப் பெற்றுக்கொண்டார்; கடைக்காரர் கேட்கும்போது திருப்பித்தரக் கடமைப்பட்டவர். எனவே கல்லாவின் பெயரில் பற்று 400. தந்தவருக்கு வரவு, பெற்றவருக்குப் பற்று. இரட்டைப் பதிவு முறை முழுவதும் இந்த ஒரு விதையிலிருந்து வளர்ந்ததுதான். வீட்டு நோட்டிலுள்ள 'வரவு' வீட்டுக்காரரின் பார்வையில் எழுதப்பட்டது. பேரேட்டிலுள்ள 'வரவு' அப்பக்கத்துக்கு உரிய ஆளின் பார்வையில் எழுதப்பட்டது. பார்வை மாறுவதால் சொல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போகிறது.

என் மளிகைக் கடை மாணவருக்கு இது கைவந்த கலை. நான் அவருக்கு அதைச் சுட்டிக்காட்டியிருந்தால் போதும். நானோ ஆள்சார் கணக்கு, சொத்துசார் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்னும் மூன்று விதிகளைப் பலகையில் எழுதிப்போட்டு, மறுநாள் ஒப்பிக்கச் சொன்னேன்.

தமிழ்வழியில் இச்சொற்களைக் கற்றவர்கள் கல்லூரிக்கு வந்ததும் வேறொரு சுவரில் மோதுகின்றனர். பல கல்லூரிகளில் பி.காம். வகுப்பு ஆங்கில வழியிலேயே நடைபெறுகிறது. அனாமத்துக் கணக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' ஆகிறது. இருப்பாய்வு 'ட்ரயல் பேலன்ஸ்' ஆகிறது. கடனீந்தோர் 'கிரெடிட்டர்ஸ்' ஆகின்றனர். தெரிந்த பொருளே தெரியாத பெயரில் வந்து நிற்கிறது. முதற்பருவம் முடியும்வரை அவர்கள் கேட்பது பாடம் அன்று, மொழிபெயர்ப்பு. மேனிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்துவிட்டு வணிகவியலுக்கு வருபவர்களுக்குச் சொல்லும் புதிது, பொருளும் புதிது. மேனிலையில் கணக்குப்பதிவியலைத் தேர்ந்து படித்தவர்களுக்கோ முதற்பருவம் சலிப்பூட்டுகிறது. இம்மூவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, ஒரே வேகத்தில் நடத்துகிறோம்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பாசியோலியின் கணித நூலில்தான் இரட்டைப் பதிவு முறை முதன்முதலாக அச்சில் விரிவாக விளக்கப்பட்டது. கற்றறிந்தோர் இலத்தீனில் எழுதிய காலத்தில் அவர் அந்நூலை மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். வரையறைகளை அடுக்கி அவர் கணக்கியலைத் தொடங்கவில்லை. வணிகர் தம்மிடமுள்ள உடைமைகள் அனைத்தையும் முதலில் பட்டியலிட வேண்டும் என்று தொடங்குகிறார். பின்னர் அன்றாட நிகழ்வுகளை எழுதும் சிட்டை, அதிலிருந்து குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு என்று வழிநடத்துகிறார். ஐந்து நூற்றாண்டுக்கு முன் ஒரு துறவி கடையிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். நாம் வரையறையிலிருந்து தொடங்குகிறோம்.

அரபு மொழி பயிலும் மாணாக்கரும் உள்ள நம்மிடையே இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அசல், நகல், பாக்கி, வசூல் என்று தமிழ் வணிகர் நாளும் வழங்கும் சொற்கள் அரபு மூலத்தின. ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது. அனாமத்து என்பதும் அடைக்கலப் பொருளைக் குறிக்கும் 'அமானத்' என்னும் சொல்லின் திரிபே. எவருடையது என்று தெளியும்வரை பாதுகாத்து வைக்கப்படும் தொகை என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இருப்பாய்வு ஒத்துவராதபோது வேறுபாட்டுத் தொகையை ஏன் தனிக் கணக்கில் வைக்கிறோம், பிழையைக் கண்டதும் ஏன் அதை அங்கிருந்து அகற்றுகிறோம் என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டு விளக்கிய நாளில், வகுப்பில் நான் கண்ட முகத்தெளிவு வேறு எந்நாளிலும் கண்டதில்லை.

மாணாக்கர் விழைவன

மாணாக்கர் எதனை விரும்புகின்றனர் என்று கேட்டால், எளிதான வினாத்தாளையும் தாராளமான மதிப்பெண்ணையும் விரும்புவர் என்று சிலர் நகைப்பர். என் அனுபவம் அவ்வாறில்லை. அவர்கள் முதலில் கேட்பது 'ஏன்' என்பதற்கு விடை. கூட்டாண்மைக் கலைப்பில் கார்னர் எதிர் மர்ரே வழக்கு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி ஒருவர் நொடித்துப்போய், தம் முதற்கணக்கின் குறையைக் கட்ட இயலாதபோது, அக்குறையை ஏனைய கூட்டாளிகள் இலாபப் பகிர்வு விகிதத்தில் அன்றித் தம் முதல் விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பது 1904இல் இங்கிலாந்து நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம். நூற்றாண்டு கடந்தும் நம் மாணாக்கர் இதற்கான கணக்குகளை மணிக்கணக்காகப் போடுகின்றனர். ஏன் இலாப விகிதத்தில் இல்லை என்று ஒரு மாணவர் கேட்டபோது, "அதுதான் விதி" என்று பதில் சொன்ன ஆசிரியர்களுள் நானும் ஒருவன். வணிகத்தில் விளைந்த நட்டம் வேறு, ஒரு கூட்டாளி தர வேண்டியதைத் தராமையால் வந்த குறை வேறு. முன்னதை இலாபத்தைப் பகிர்ந்த அதே விகிதத்தில் ஏற்கிறார்கள், பின்னதை இட்ட முதலின் அளவுக்கேற்ப ஏற்கிறார்கள். இவ்வளவு சொன்னால் அவர்களே வாதிடத் தொடங்குகின்றனர். சிலர் அத்தீர்ப்பு நியாயமன்று என்கின்றனர். வகுப்பு உயிர்பெறுகிறது.

இன்னொருவர் கேட்டார்: "ஆண்டுதோறும் லாரிக்குத் தேய்மானம் எழுதுகிறோமே, அந்தப் பணம் எங்கே போகிறது சார்?" வகுப்பு சிரித்தது. சிரிப்பதற்குரிய வினா அன்று அது. பத்து இலட்ச ரூபாய்க்கு வாங்கிய லாரி, ஒன்பது ஆண்டு உழைத்து, இறுதியில் ஓர் இலட்சத்துக்கு விலைபோகும் என்று கொண்டால், ஆண்டுக்கு ஓர் இலட்சம் தேய்மானம் என்று எவரும் வகுத்துச் சொல்லிவிடுவர். அந்த ஓர் இலட்சம் எவர் கைக்கும் போகவில்லை. பணம் லாரி வாங்கிய அன்றே போய்விட்டது. அச்செலவை ஒன்பது ஆண்டுகளின் இலாபத்தின்மேல் பகிர்ந்து வைக்கிறோம் என்பதை விளக்குவதில்தான் பாடமே இருக்கிறது. அவ்வினாவைக் கேட்டவர் வகுப்பிலேயே நன்றாகச் சிந்தித்தவர்.

அடுத்து அவர்கள் விழைவது, பருவம் முழுவதும் ஒரே கடையின் கணக்கு. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புதிய பெயர், ஒரு புதிய தொகை. இராமன் பெயரில் வாணிபக் கணக்கு, கிருஷ்ணன் பெயரில் தேய்மானம், 'அ', 'ஆ', 'இ' என்போர் கூட்டாண்மை. எவருடைய தொழில் என்ன, ஏன் இலாபம் குறைந்தது என்று எதுவும் தெரியாது. ஒரு கடையைத் தொடங்கி, சரக்கு வாங்கி, விற்று, கடன் கொடுத்து, ஒரு பகுதி வாராமல் போய், ஆண்டிறுதியில் மார்ச்சு 31ஆம் நாள் கணக்கை முடித்து, அடுத்த ஆண்டு ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்வதுவரை ஒரே தொடராகச் சென்றால் நினைவில் நிற்கும் என்கின்றனர். மெய்யான விற்பனைச் சீட்டையும் வங்கிச் சலானையும் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கின்றனர். பெங்களூரில் 1986இல் உருவாகி இன்று சிறு கடைகள்வரை பரவியுள்ள டேலி மென்பொருளைக் கற்க, பலர் கல்லூரி முடிந்ததும் தனிப் பயிற்சி நிலையங்களுக்குக் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர். 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. வரியைக் கணக்கேட்டில் எழுதும் முறையை அங்கேதான் அறிந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. கணிப்பொறி தானே பேரேட்டுக்குப் பெயர்த்துவிடும் காலத்தில், பெயர்த்தெழுதும் வேலையையே மூன்றாண்டும் கற்பித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பொருந்தும் என்ற வினா எழுகிறது. ஆனால் டேலி மட்டும் போதும் என்பாரோடும் நான் உடன்படேன். பற்று எது, வரவு எது என்று அறியாதவர் விசைப்பலகையில் தவறாகத் தட்டினாலும் கணிப்பொறி இரு பக்கமும் ஒத்த ஐந்தொகையையே தரும்.

திருத்திய விடைத்தாளைக் காண விரும்புகின்றனர். எங்கே தவறினேன் என்பதைச் சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்கின்றனர். அறுபது பேர் கொண்ட வகுப்பில் இது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் அண்டை மாணவரின் தாளை ஒருவருக்கொருவர் திருத்தச் செய்வது இயலாத காரியமன்று; நான் செய்து பார்த்ததில், பிறர் தாளில் பிழை கண்டுபிடிக்கும் ஆர்வமே தம் பிழையைக் காணும் கண்ணையும் திறந்துவிடுகிறது.

மாணாக்கரின் விருப்பம் அனைத்தையும் நிறைவேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முக்கிய வினாக்களை மட்டும் குறித்துத் தாருங்கள் என்று கேட்பவர்களும் அவர்களே. 'ஏன்' என்று கேட்ட அதே வாய், பருவத்தேர்வு நெருங்கும்போது 'எது வரும்' என்று கேட்கிறது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25 என்னும் ஏற்பாட்டில் அவர்கள் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவில் பால் ராம்ஸ்டன் என்பார் பட்டதாரிகள் தம் படிப்பை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்று அறிய வினாப்பட்டி ஒன்றை உருவாக்கி 1991இல் வெளியிட்டார். நல்ல கற்பித்தல், தெளிவான நோக்கம், தாங்கத்தக்க பாடச்சுமை, பொருத்தமான தேர்வு, மாணாக்கர் தாமே முடிவெடுக்கும் சுதந்திரம் ஆகியன பற்றி அது வினவியது. தேர்வும் பாடச்சுமையும் கற்பித்தலுக்கு இணையாக அதில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. வகுப்பில் எவ்வளவு அழகாக விளக்கினாலும், வினாத்தாள் கூட்டலை மட்டுமே கேட்குமானால் மாணாக்கர் கூட்டலைத்தான் கற்பர். அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு கணக்கியல் கல்வி மாற்றத்துக்கெனவே ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, விதிகளை நினைவில் நிறைப்பதைக் காட்டிலும் கற்கக் கற்பதே நோக்கமாக வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 1992இல் முதல் கணக்கியல் பாடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. முதல் பாடத்துக்கு அவர்கள் அத்துணை முதன்மை தந்தமைக்குக் காரணம் உண்டு. அங்கே தவறவிட்டவர் பின்னர் மீள்வது அரிது.

தமிழ்த்துறைக்கு ஒரு விண்ணப்பம்

இம்மலரின் வாயிலாகத் தமிழ்த்துறைப் பெருமக்களிடம் ஒன்று கேட்க விழைகிறேன். முதற்பருவ மாணாக்கருக்கென ஒரு சிறு சொற்கோவையை நாம் இரு துறையினரும் கூடித் தொகுக்கலாம். அது அகராதியாக இருக்க வேண்டாம். நூலில் உள்ள சொல், கடையில் வழங்கும் சொல், வகுப்பில் ஒலிக்கும் ஆங்கிலச் சொல் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் தந்து, ஒரு சிறு எடுத்துக்காட்டையும் சேர்த்தால் போதும். சிட்டை, பேரேடு, தள்ளுபடி, வாராக்கடன், முன்பணம், கைமாற்று என்று ஒரு நூறு சொற்கள் தேறும். கடைச் சொற்களைத் திரட்டும் பணியை மாணாக்கரிடமே விட்டுவிடலாம். அவர்களுள் பலருடைய தந்தையரும் மாமன்மாரும் கடை வைத்திருக்கின்றனர். மாலை வேளைகளில் கடைகளில் கணக்கெழுதும் மாணாக்கரும் நம் வகுப்புகளில் இன்றும் இருக்கின்றனர். அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, தம் கடைச் சொற்களைப் பலகையில் எழுதச் சொல்ல வேண்டும்.

சென்ற கல்வியாண்டின் முதல் நாள் முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது நான் நூலை எடுத்துச் செல்லவில்லை. எங்கள் தெருக் கடையிலிருந்து இரவல் வாங்கிய பழைய பற்று நோட்டு ஒன்றை, பெயர்களை மறைத்து, படியெடுத்துக் கொடுத்தேன். இதில் கடைக்காரருக்கு வர வேண்டியது எவ்வளவு என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து தொகையைச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "மூன்றாம் பக்கத்தில் 50 ரூபாய் வரவு வைக்காமல் விட்டிருக்கிறார்கள் சார்" என்றார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மாலையில் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் அதைத் தெரிவித்தேன். அவர் அங்கேயே பேனாவை எடுத்து வரவு வைத்தார்.